மயிலைக்கும் காரிக்கும் ஒரே வெயில்

சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் கூடும் மாட்டுச் சந்தைக்கு மாடு வாங்கவும் விற்கவும் வருகிறவர்களோடு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொரு கூட்டமும் வந்து சேரும். மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தை அது. காங்கேயம் மாடுகளுக்கென்றே பேர்போனது. திமிலும் கொம்பும் அலைதாடியுமாக, கண்ணுக்கெட்டிய தூரம் மாடுகள் கட்டிக்கிடக்கும் மைதானத்தில் படம் எடுக்கத் தெரியாதவருக்கும் கை பரபரக்கும்.

அவர்களில் புதிதாக வந்த ஒருவரின் கேமராத் திரையை எட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வெயிலில் வெள்ளை வெளேரென்று நிற்கும் பசு, படத்தில் மங்கிப்போய் அழுக்குச் சாம்பலாக நிற்கும். நாலு அடி தள்ளிக் கட்டியிருக்கும் கருத்த பூச்சிக்காளையோ, திமிலில் இருந்த கருமையெல்லாம் போய் வெளிறிக் கிடக்கும். நேரில் இரவும் பகலுமாக இருக்கிற இரண்டு மாடுகள் படத்தில் கிட்டத்தட்ட ஒரே நிறத்துக்கு வந்திருக்கும்.

"ஏனுங்கண்ணா, என்ற கேமராவுல மாடெல்லாம் அழுக்காட்ட வருதுங்க?"

"ஆட்டோவுல வெச்சிருப்ப கண்ணு. மேனுவலுக்குத் திருப்பு, சொல்றேன்."

சந்தையில் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுவது சாதாரணம். அதற்குப் பின்னால் இருப்பது புகைப்படக்கலையின் ஆதாரப் பாடம்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்குப் பசு தெரியாது, காளை தெரியாது. லென்ஸ் வழியாக வந்து விழும் வெளிச்சம் எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உலகத்துக் காட்சிகளையெல்லாம் கலந்து சராசரி எடுத்தால் நடுத்தரச் சாம்பல் வரும் என்ற அனுமானத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. வயல், வீதி, மனிதர்கள் என்று எல்லாம் கலந்த காட்சியில் இந்த அனுமானம் பெரும்பாலும் பலிக்கும். சட்டகம் முழுக்க வெள்ளை மாட்டை நிறுத்தினால் பலிக்காது. 'இவ்வளவு வெளிச்சமா?' என்று மீட்டர் குறைத்துவிடும், வெள்ளை சாம்பலாகும். கருப்பு மாட்டை நிறுத்தினால் 'வெளிச்சம் பத்தாது' என்று கூட்டிவிடும், கருப்பும் சாம்பலாகும். காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து அளக்கிற, முகத்தைக்கூட அடையாளம் காண்கிற புதிய கேமராக்கள் கொஞ்சம் சாமர்த்தியம்தான். ஆனாலும் மாட்டின் விலாவை நெருக்கமாக எடுக்கும்போது அவையும் சறுக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். மேகமில்லாத காலை, பத்து மணி. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பைக் குறிக்கும் அப்பர்ச்சர் எஃப் 8. வெள்ளைப் பசுவின் விலாவை மட்டும் அளந்தால், ஷட்டர் திறந்திருக்க வேண்டியது 1/1600 நொடி என்று மீட்டர் சொல்லும். காளையின் கரிய திமிலை மட்டும் அளந்தால் 1/100 நொடி என்று சொல்லும். இரண்டுக்கும் இடையில் பதினாறு மடங்கு வித்தியாசம். ஆனால் சரியான எண் இரண்டு மாட்டுக்கும் ஒன்றேதான்: 1/400. அதில் வைத்து எடுத்தால் வெள்ளை வெள்ளையாக, மயிர்க்கால் தெரிய வரும். கருப்பு கருப்பாக, பளபளப்போடு வரும். காரணம் எளிது. இரண்டு மாட்டின் மேலும் விழுவது ஒரே வெயில். அதில் எவ்வளவைத் தோல் திருப்பி அனுப்புகிறது என்பதில்தான் மாடு மாட்டுக்கு மாறுகிறது. கேமரா மீட்டர் திரும்பி வருவதை அளக்கிறது. படம் எடுப்பவர் விழுவதை அளக்க வேண்டும். சினிமாக்காரர்களும் ஸ்டுடியோக்காரர்களும் கையில் வைத்துக்கொள்ளும் வெள்ளைக் குமிழ் வைத்த மீட்டர் இதைத்தான் செய்கிறது. நடிகரின் முகத்தருகே பிடித்து, வந்து விழும் ஒளியை அளந்து சொல்லிவிடும்.

கையில் அந்த மீட்டர் இல்லாதவருக்கு ஃபிலிம் காலத்திலிருந்து ஒரு பழைய விதி உண்டு. நல்ல வெயிலில் அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டர் வேகத்தின் கீழ் எண்ணாகப் போட்டால் போதும். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. 'சன்னி 16' என்று இதற்குப் பெயர். அப்பர்ச்சர் எண்கள் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று இரண்டின் வர்க்கமூலத்தால் பெருகிக்கொண்டே போகும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் திறப்பின் பரப்பு இரட்டிக்கும், வெளிச்சமும் இரட்டிக்கும். ஒரு ஸ்டாப் என்பது இதுதான். எஃப் 16-லிருந்து எஃப் 8 இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம். அதற்கு ஈடாக 1/100-ஐ 1/400 ஆக்க வேண்டும். கண்ணபுரத்துக் கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

எண்களை நாமே வைக்கும் மேனுவல் மோடின் சுகம் இந்த இடத்தில் புரியும். வெயில் மாறாத வரை எண்ணை மாற்ற வேண்டியதில்லை. வெளிர்நிற மயிலை வரட்டும், கருத்த காரி வரட்டும், செந்நிறச் செவலைக் கன்று துள்ளிக்கொண்டு குறுக்கே ஓடட்டும், கேமரா தடுமாறாது. ஆட்டோவில் இருந்தால் சட்டகத்தில் வெள்ளை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறியிறங்கும். ஒரே மாட்டை வரிசையாகப் பத்துப் படம் எடுத்தால் பத்தும் பத்து நிறம். காங்கேயம் மாட்டுக்காரர்கள் நிறத்தில் கறாரானவர்கள். கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். காளைக்கு வயது ஏற ஏறத் தலையும் கழுத்தும் திமிலும் பின்தொடையும் கருக்கும். காயடித்தால் அந்தக் கருமை வெளிறி எருது சாம்பலாகிவிடும். திமிலில் எவ்வளவு கருமை என்பதை வைத்தே காளையைப் பற்றிப் பேசுகிற ஊரில், வாட்ஸாப்பில் அனுப்பும் விற்பனைப் படம் ஒரு ஸ்டாப் தப்பினாலும் அது பொய்ப் படம்.

மேனுவல் மோடை ஒரு பட்டயம்போல் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. 'ஆட்டோவில் எடுப்பவன் போட்டோகிராபரே அல்ல' என்பார்கள். அது வெறும் வீம்பு. மீட்டர் காட்டும் எண்ணை முள் நடுவுக்கு வரும்வரை கையால் திருகி வைத்தால் அது ஆட்டோ செய்யும் வேலையையே மெதுவாகச் செய்வது. ஆட்டோவிலேயே இருந்துகொண்டு, வெள்ளைப் பசுவுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் ஒன்றரை ஸ்டாப் கூட்டுகிறவருக்கு விஷயம் தெரியும். வெள்ளை எவ்வளவு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், கேமராவா ஆளா என்பதுதான் கேள்வி.

இந்த முடிவை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் வகுத்த ஸோன் சிஸ்டம், முழுக் கருப்பிலிருந்து முழு வெள்ளை வரை வெளிச்சத்தைப் படிகளாகப் பிரிக்கிறது. நடுச்சாம்பல் ஐந்தாம் படி. நயம் தெரியும் வெள்ளை ஏழாம் படி, நயம் தெரியும் கருப்பு மூன்றாம் படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப். மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அதை ஐந்தாம் படிக்குக் கொண்டுபோகும். பசுவை ஏழுக்கு ஏற்றுவதும் காளையை மூன்றுக்கு இறக்குவதும் எடுப்பவர் பொறுப்பு. கலிஃபோர்னியாவின் பனிமலைகளையும் பாறைகளையும் பார்த்து வளர்ந்த முறை இது. காங்கேயத்துக் கட்டுத்தறிக்கும் அப்படியே பொருந்துகிறது.

நல்ல எக்ஸ்போஷரை ரசிக்கத் தெரிந்தவர் ஒரு மாட்டுப் படத்தில் முதலில் பார்ப்பது கண்ணையோ கொம்பையோ அல்ல, அலைதாடியின் மடிப்பை. வெள்ளைப் பசுவின் அலைதாடியில் மடிப்புக்கு மடிப்பு வெளிச்சம் சிறுகச் சிறுகக் குறைந்து உள்ளே போகும். ஒரு ஸ்டாப் கூடிவிட்டால் மேல்மடிப்புகள் வெளுத்து ஒன்றாகிவிடும். அந்த இடத்தில் பிக்சலில் தகவலே இருக்காது, பிறகு எந்தக் கம்ப்யூட்டராலும் மீட்க முடியாது. அடுத்துப் பார்ப்பது காளையின் திமில் உச்சி. நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டிய காளையின் கருப்பில் வானத்தின் நீலம் லேசாகப் படிந்திருக்கும். குறைவாக எடுத்தால் அது வெறும் மைத் திட்டு, கூடுதலாக எடுத்தால் புழுதி. மூக்கணாங்கயிறு உராய்ந்து ஈரமான இடத்தில் ஒரு பொட்டு வெள்ளை மின்னினால் அது வெளுத்துப் போவதில் தவறில்லை. மினுக்கம் வெளுக்கலாம், தோல் வெளுக்கக் கூடாது.

சித்திரைச் சந்தைக்கு இன்னொரு சிக்கல் வானத்திலிருந்து வருகிறது. காங்கேயம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு அட்சரேகையில். சித்திரை பிறந்த முதல் வாரத்தில், ஏப்ரல் 20-ஐ ஒட்டி, உச்சிப்பொழுதில் சூரியன் அங்கே நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழல் பக்கவாட்டில் சாயாது, மாட்டின் வயிற்றுக்கு அடியிலேயே சுருண்டுவிடும். திமிலும் முதுகும் எரியும், முகமும் வயிறும் இருளும். மேனுவலில் வைத்த 1/400 முதுகுக்குச் சரி, முகத்துக்குச் சரியில்லை. இந்த நேரத்தில் விவரம் தெரிந்தவர்கள் கேமராவைப் பையில் வைத்துவிட்டு கம்மங்கூழ் குடிக்கப் போவார்கள். மறுபடி மூன்றரை மணிக்கு மேல்தான். கொறங்காட்டு மேய்ச்சலைப் படம் எடுப்பவர்களுக்கும் அந்த நேரமே வாகு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் காய்ந்து பொன்னிறமாகக் கிடக்க, வெள்வேல மரத்தின் நிழல் நீண்டு விழ, மாடு சாய்வெயிலில் நடந்து வரும்போது முகத்துக்கும் முதுகுக்கும் இடைவெளி இரண்டு ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும்.

இன்றைக்குப் பின்பக்கத் திரையில் படத்தை உடனே பார்த்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று சரிபார்க்கலாம். ஃபிலிம் காலத்தில் அந்த வசதி இல்லை. பன்னிரண்டு படம் எடுக்கும் அக்ஃபா கிளிக் 3 பெட்டிக் கேமராவில் எக்ஸ்போஷர் என்றால் 'வெயில்', 'மேகம்' என்ற இரண்டே நிலைகள். அந்தக் காலத்தில் ஃபிலிமே இந்தப் பக்கத்து மலையில் தயாரானது. 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், உதகமண்டலத்தில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற வணிகப் பெயரில் ஃபிலிமும் தாளும் எக்ஸ்ரே சுருளும் தந்தது. நெகட்டிவ் ஃபிலிமின் குணம் டிஜிட்டலுக்கு நேர் எதிர். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் நிழலில் ஒன்றும் பதியாது. அதனால் நெகட்டிவ் போட்டவர் நிழலைப் பார்த்து அளந்தார். இன்றைய சென்சார் நிழலில் மறைந்திருப்பதைப் பிறகு ஓரளவு தூக்கித் தரும், வெளுத்ததைத் தராது. அதனால் டிஜிட்டல்காரர் வெள்ளையைப் பார்த்து அளக்கிறார். பழைய ஆட்கள் புதிய கேமராவுக்கு வந்தபோது கை பழகச் சிரமப்பட்டது இதில்தான்.

கோவைக்குக் கேமரா மோகம் புதிதல்ல. கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு, பேருந்து, மோட்டார், சவர பிளேடு என்று எதையும் விட்டுவைக்காதவர். ஃபிலிம் கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்றையும் உருவாக்கினார். லண்டனில் 1936 ஜனவரியில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம்பிடித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கொங்கு வெயிலில் பழகிய கண்ணுக்கு அந்த ஊர் ஜனவரி வெளிச்சம் எவ்வளவு சோகையாகத் தெரிந்திருக்கும்! அதே முப்பதுகளில்தான் கோவையின் திருச்சி சாலையில் சென்ட்ரல் ஸ்டுடியோ என்ற சினிமாத் தளம் எழுந்தது. பிறகு ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ. எம்.ஜி.ஆர். நடித்து 1954-இல் வந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் படம். அந்தத் தளங்களில் ஒளிப்பதிவாளர்களிடம் இருந்த கருப்பு வெள்ளைச் சுருள்கள் மந்தமானவை. இன்று ஐஎஸ்ஓவை 3200-க்குத் திருப்புவதுபோல் எதையும் திருப்பிவிட முடியாது. வினாடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் ஷட்டரும் ஏறக்குறைய 1/48-இல் நின்றுவிடும். மிச்சமிருப்பது அப்பர்ச்சரும் விளக்கும்தான். ஆகவே நடிகர்கள் வெந்துபோகும் அளவுக்கு விளக்கைக் கொட்டினார்கள்.

அந்தக் கொட்டலிலிருந்து தமிழ் சினிமாவை வெளியே கூட்டிவந்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புப் பக்கம் பிறந்து புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'க்குத் தேசிய விருது வாங்கினார். அதன் முடிவுக் காட்சியை நீலகிரி மலை ரயில் பாதையில் உள்ள கேத்தி நிலையத்தில் எடுத்தார்கள். மழையும் மூடிய வானமும் கொண்ட அந்தக் காட்சியில் நிழல் என்று ஒன்று விழுவதேயில்லை, எல்லாம் சாம்பல். சேற்றில் விழுந்து எழும் கமல்ஹாசனின் முகத்தை வலிந்து பளிச்சென்று காட்ட எந்த முயற்சியும் இல்லை. மூடிய வானத்தை மூடிய வானமாகவே விட்டதுதான் அங்கே எக்ஸ்போஷர். இதற்கு மறுகோடியில் பி.சி.ஸ்ரீராம். 'நாயகன்' படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர், பொள்ளாச்சிப் பக்கம் படமாக்கிய 'தேவர் மகன்' (1992) படத்தில் பழைய வீட்டின் உள்ளறைகளை இருளவிட்டு, முகத்தில் பாதியைக் கருப்புக்கே கொடுத்துவிட்டார். மீட்டர் சொல்வதைக் கேட்டிருந்தால் அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்திருக்கும். பார்வையாளர் முகத்தைப் பார்க்காமல் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்யாண மண்டபத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இருப்பார். முகம் வெயிலில் பழகிய மாநிறமோ கருப்போ. இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது இரண்டையும் ஒரே சட்டகத்தில் காட்ட வேண்டும். மாநிற முகம் மீட்டரின் நடுச்சாம்பலுக்கு மிக அருகில் நிற்கிறது. கருத்த முகம் அதற்கு அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கீழே இருந்தால் இயல்பாக இருக்கும். வேட்டி ஒன்றரை, இரண்டு ஸ்டாப் மேலே. இத்தனையும் எளிதாகவே பிடிக்கலாம். ஆனால் 'முகம் பளிச்சுனு வரோணும்' என்ற கோரிக்கையில், முகத்தை ஒரு ஸ்டாப் ஏற்றிவிடுகிறார்கள். வேட்டியின் கரை வெளுத்துக் காணாமல் போகிறது. முகம் யாருடையது என்று சொந்தக்காரர்கள் சந்தேகப்படும் நிலை வருகிறது. இந்தக் கோளாறுக்கு ஓர் உலகளாவிய முன்கதையும் உண்டு. கோடக் நிறுவனம் கலர் பிரிண்டைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற அட்டையில் பல பத்தாண்டுகளாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி. கருத்த தோல் எப்படி வருகிறது என்று கேட்பார் இல்லை. ஃபிலிம் போய் எத்தனையோ ஆண்டாகிவிட்டது, ஆல்பத்தில் அந்த வெளுப்பு இன்னும் போகவில்லை. மாப்பிள்ளையின் கருப்பைக் கருப்பாகவே விட்டு, கன்னத்தில் குத்துவிளக்கின் ஒளி படியும்படி எடுத்திருக்கும் ஒரு படத்தை ஆல்பத்தில் பார்க்க நேர்ந்தால், எடுத்தவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரிக் கோயிலில், குண்டம் என்று சொல்லும் பங்குனித் தீமிதி விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். எரிகரும்பு என்று சொல்லும் விறகை அடுக்கித் தீமூட்டி, வெந்து தணலான பிறகு தட்டிச் சமப்படுத்திய குண்டத்தில் பூசாரி முதலில் இறங்குவார், அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள். படம் எடுப்பவர்களுக்கு அங்கே எல்லாமே தலைகீழ். சட்டகத்தில் பெரும்பகுதி இருட்டு. நடுவில் கனலும் செந்தணல். இருட்டை அளந்த மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டும், தணல் மஞ்சள் குழம்பாக வழியும். தணலில் சிவப்புதான் முதலில் நிரம்பிவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் இடம் இருந்தாலும் சிவப்பு முட்டிவிட்டால் கங்குக்குக் கங்கு வேறுபாடு போய்விடும். அதனால் கலர் கலராகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் பார்த்து, இருட்டு இருட்டாகவே இருக்கட்டும் என்று விட வேண்டும். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 1/500 என்று தொடங்கலாம். ஆனால் கண்ணபுரத்துப் பாடம் இங்கே செல்லாது. கிழக்கு வெளுக்க வெளுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் மாறும், எண்ணும் மாற வேண்டும். தணலும் நீல வானமும் சமமாக நிற்கும் சில நிமிடங்கள் அந்த இடைவெளியில் வரும். அதற்காகத்தான் இரவெல்லாம் கண்விழித்துக் காத்திருக்கிறார்கள். மனிதர்கள் இறங்கி முடித்துக் கால்நடைகள் குண்டம் இறங்கும்போது பொழுது நன்றாக ஏறியிருக்கும். தணல் வெயிலில் சாம்பலாகத் தெரியும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். வள்ளி கும்மி ஆட்டத்தை எல்.இ.டி. விளக்கில் எடுப்பவர்கள், படத்தில் குறுக்கே கருப்புப் பட்டை விழுகிறது என்று கேமராவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது உண்டு. பழுது கேமராவில் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. 1/1000-இல் எடுத்தால் மங்கிய கணமும் எரிந்த கணமும் ஒரே படத்தில் மாட்டும். 1/100 அல்லது 1/50-க்கு இறங்கினால் பட்டை பெரும்பாலும் போய்விடும். கும்மியில் கை கொஞ்சம் அசங்கித் தெரியும். தெரிந்தால் என்ன, ஆட்டம்தானே.

காட்டுக்குள் போனால் கருப்பின் சோதனை இன்னும் கடுமை. வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் மனிதர்களைப் பார்த்துப் பழகிப்போன சோலைமந்திகள் ரோட்டோரம்வரை வரும். உடம்பு முழுக்கக் கருப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பலில் பிடரி. தலைக்கு மேல் இலை இடுக்குகளில் வெள்ளை வானம். வானத்தைப் பார்த்த மீட்டர் குறைத்தால் குரங்கின் முகம் பள்ளமாகிவிடும். முகத்தைப் பார்த்துக் கூட்டினால் பிடரி பஞ்சுபோல் வெளுக்கும். முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, நடுவிலிருந்து ஒன்றரை ஸ்டாப் கீழே வைத்தால் கண்ணுக்கு மேலே எலும்பு தெரியும், பிடரியும் பிழைக்கும். வானம் போகும். அது போகட்டும், அல்லது ரெண்டடி நகர்ந்து வானம் வராத கோணத்தில் நிற்கலாம். ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயந்து 1/60-இல் எடுத்து அசங்கலாக்குவதைவிட, 3200-க்கு ஏற்றி 1/500-இல் எடுத்துக் கொஞ்சம் நாய்ஸோடு வைத்துக்கொள்வது நூறு மடங்கு மேல்.

இதே ஆனைமலைக் காடுகளிலும் முதுமலையிலும் மா.கிருஷ்ணன் (1912–1996) யானைகளை எடுத்தார். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன், 1970-இல் பத்மஸ்ரீ பெற்ற இயற்கையாளர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். கருப்பு வெள்ளையை விடவில்லை. மர நிழலில் நிற்கும் யானையின் தோல் என்பது கருஞ்சாம்பலுக்குள் பத்து வகைச் சாம்பல். அந்தச் சுருக்கங்களை இழக்காமல் எடுக்க நிழலை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். கேமராத் திரையில் சரிபார்த்துக்கொள்ள வழியில்லாத நாட்களில், யானைக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் செய்தார் என்பதை மறக்காமல் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் எவ்வளவு வெளிச்சம் என்பதைப் பற்றி. அதே அளவு வெளிச்சத்தை எந்தச் சேர்க்கையில் வாங்குவது என்பது இன்னொரு ரசனை. எஃப் 4, 1/1600. எஃப் 8, 1/400. எஃப் 16, 1/100. மூன்றும் ஒரே எக்ஸ்போஷர், மூன்றும் ஒரே படம் அல்ல. பல்லடத்திலிருந்து உடுமலை போகும் வழியெங்கும் நிற்கும் காற்றாலைகளை எடுப்பவர்கள் இதை உடனே கற்றுக்கொள்வார்கள். வைகாசி தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று இரைச்சலோடு வரும். 1/1000-இல் எடுத்தால் இறக்கை கூர்மையாக வரும், ஆனால் காற்றாலை நின்றுபோனது மாதிரி இருக்கும். ஆடி மாதத்து மேகமூட்டமான மாலையில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் ஷட்டர் 1/15-க்கு வரும். அதுவும் போதாது. நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும் பெரிய இறக்கை 1/15 நொடியில் ஆறு டிகிரிதான் நகரும், நுனி மட்டும் லேசாகக் கலையும். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைக்கும் என்.டி. ஃபில்டரைத் திருகி 1/4-க்கு இறக்கினால் இறக்கை இருபது டிகிரிக்கு மேல் போகும், விசிறி விரிந்தது தெரியும், கோபுரம் அசையாமல் நிற்கும். ட்ரைபாடின் காலில் கல்லைக் கட்டித் தொங்கவிடாவிட்டால் கோபுரமும் அசையும். அங்கே அடிக்கும் காற்று அப்படி.